செப்டம்பரில் பெர்த்: குளிர் தாங்குமா?

நாகர்கோவில்காரி: தம்பி ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கான். செப்டம்பர் கடைசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு யோசனை. குளிர் எப்படி, கடலில் குளிக்கலாமா? அம்மா நெத்திலிக் கருவாடும் நேந்திரங்காய் சிப்ஸும் கட்டாமல் கிளம்ப மாட்டேன் என்று ஒரே பிடி.

முட்டம் மச்சான்: அங்கே அப்போது வசந்தம். பகலில் 20 டிகிரி பக்கம், ராத்திரி 10 வரை இறங்கும், நம்ம ஊர் உடம்புக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. கிங்ஸ் பார்க்கில் காட்டுப்பூ சீசன். கங்காரு பா என்று ஒரு பூ, மொட்டு முழுக்கப் பூனைக்கால் போல் ரோமம், அம்மாவைக் கட்டாயம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. கடல் தண்ணீர் சில்லென்று இருக்கும், இறங்கினால் உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான்.

குளச்சல் அண்ணாச்சி: அக்கா, கருவாடோ சிப்ஸோ, விமானத்தில் தரும் அட்டையில் உணவு இருக்கிறது என்று டிக் பண்ணிக் காட்டிவிடுங்க. மறைத்தால்தான் அபராதம், அதுவும் சும்மா இல்லை. தேன் கொண்டுபோகவே வேண்டாம். அப்புறம், பெர்த் பக்கத்துத் துறைமுகமான ஃப்ரீமாண்டிலிலிருந்து படகேறி அரை மணியில் ராட்னஸ்ட் தீவு. அங்கே குவாக்கா என்று கங்காரு இனத்துக் குட்டி விலங்கு ஒன்று பக்கத்திலேயே வந்து நிற்கும், ஆனால் தொடவோ தீனி போடவோ கூடாது.

நாகர்கோவில்காரி: சரி அண்ணாச்சி, சிப்ஸ் மட்டும். கருவாட்டுக்கு அம்மாவிடம் நீங்களே பேசுங்க!