ஜிம்ல சிங்கம், போட்டியில மட்டும் இறுகிப் போறான்: என்ன பண்ணலாம்?

காசிமேடு_கோச்:
நான் பாக்சிங் கத்துக்குடுக்கற 17 வயசுப் பையன், 57 கிலோ. ஜிம்ல யாரோட போட்டாலும் ஜாப் (முன்னால இருக்கற கையால நேரா விடற குத்து) அழகா விழுது. போட்டின்னா மொத ரவுண்ட்ல தோள் இறுகி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். தெளியறதுக்குள்ள பாயின்ட் போயிடுது. வெளிநாட்டு ஐஸ் ஹாக்கி டீம்ல இதுக்குன்னே உளவியல் ஆலோசகர் இருக்காங்களாமே, அவங்க பண்றது நம்ம ரிங்குக்கு ஒத்து வருமா?

பனிமட்டை:
வரும்ண்ணா. அங்க ஒரு ஆட்டக்காரர் ஒரு தடவை இறங்கினா சுமார் 45 நொடிதான், அப்புறம் பெஞ்ச். போன தப்பை பெஞ்ச்லயே விட்டுட்டு அடுத்ததுக்கு இறங்கப் பழக்கறதுதான் ஆலோசகருக்கு முக்கிய வேலை. வாஷிங்டன் டீம் 2018ல ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் கோப்பை) ஜெயிச்சப்போ கோல்கீப்பரா இருந்த பிரேடன் ஹோல்ட்பி, ஆட்டம் நிக்கறப்போ பாட்டில் தண்ணியை மேல பீய்ச்சி, ஒரு துளியை மட்டும் கண்ணால பின்தொடர்வார். கண்ணுக்கு ஒரு வேலை குடுத்தா மனசு ஸ்கோர் பக்கம் ஓடாது.

உங்களுக்கு ரெண்டு ரவுண்டுக்கு நடுவுல இருக்கறது 60 நொடி. கார்னர்ல ஸ்டூல்ல உட்கார வெச்சு மவுத் கார்டை எடுங்க. மொத 20 நொடி யாரும் பேசக் கூடாது. இரைக்கறவன்கிட்ட மூச்சை எண்ணச் சொல்லாதீங்க; வெளிய விடறதை மட்டும் நீளமா விடட்டும். ஒரு வாய் தண்ணி. அப்புறம் ஒரே ஒரு யோசனை, ஒரே ஆள் சொல்லணும். "கையை இறக்காத" வேணாம், "வலது கை தாடையில"ன்னு சொல்லுங்க. அதை அவனையே திருப்பிச் சொல்ல வைங்க. சொல்லத் தெரியலைன்னா மண்டையில ஏறலை. ரெண்டாவது யோசனையை அது மேல ஏத்தாதீங்க.

கயிறுதாண்டி:
எல்லாம் சரி, ஆனா அண்ணன் கேக்கறது மொத ரவுண்ட் பத்தி. கார்னருக்கு வர்றதுக்குள்ள அது முடிஞ்சுடுதே! வார்ம்-அப்பைப் பாருங்க. அவனோட பவுட் (மேட்ச்) தள்ளிக்கிட்டே போகும், பையன் வேர்வை காஞ்சு குளிர்ந்து உட்கார்ந்திருப்பான். அவனுக்கு முன்னாடி மூணு பவுட் பாக்கி இருக்கறப்போ மறுபடி கயிறு தாண்டல், கோச் கையில மாட்டற பேட்ல குத்து. கூப்பிடற வரைக்கும் காலை நிறுத்தக் கூடாது. மணி அடிச்சதும் மொத 20 நொடி யோசிக்கவே விடாதீங்க: ரெண்டு ஜாப், இடது பக்கம் ஒரு அடி, திரும்ப ஜாப். அதை ஜிம்லயே தினம் அப்படியே பண்ணணும்.

வாரம் ஒரு நாள் வியாசர்பாடி, புளியந்தோப்புன்னு வேற ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போய் முன்னபின்ன தெரியாத பையனோட ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை). வெள்ளைச் சட்டை ரெஃப்ரி, மணி, சுத்தி நின்னு கத்தறதுக்கு நாலு பேர், எல்லாம் வேணும்.

முக்கியமா, எடைக்காக முந்தின நாள் தண்ணி குடிக்காம இருந்தானான்னு விசாரிங்க. உடம்பு வத்தியிருந்தாலும் பார்க்க இதே மாதிரிதான் தெரியும்.

காசிமேடு_கோச்:
தண்ணி விஷயத்தை இன்னைக்கே கேக்கறேன். பயம் பத்தி அவன்கிட்ட நானே உட்கார்ந்து பேசட்டுமா?

பனிமட்டை:
டீம் செலக்‌ஷன் உங்க கையிலன்னா வேணாம்ண்ணா. "பயமா இருக்கு"ன்னு சொன்னா டீம்ல இருந்து பேரு போயிடும்னு வாயே திறக்க மாட்டான். ஹாக்கி டீம்லயும் ஆலோசகர்கிட்ட பேசினது கோச் காதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சா மறுநாள் அந்த ரூம் காலி. செலக்‌ஷன்ல சம்பந்தமே இல்லாத சீனியர் யாராவது பேசட்டும். என்ன பேசினாங்கன்னு நீங்க கேக்காதீங்க.