கடற்கரைக் கோட்டைகள் உண்மையிலேயே நாட்டைக் காத்தனவா?

மலையடிவாரம் (கிருஷ்ணகிரி):
சின்ன வயதிலிருந்து சையத் பாஷா மலைக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் மலைக்கோட்டை எனக்குப் புரியும், பாதி காவலைப் பாறையே பார்த்துக்கொள்ளும். சமீபத்தில் தரங்கம்பாடி போயிருந்தேன். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த டேன்ஸ்போர்க் கோட்டை அலைக்குப் பக்கத்திலேயே சமதரையில் நிற்கிறது. பின்பக்கமாக யார் வேண்டுமானாலும் வரலாமே? இதெல்லாம் எதைக் காத்தது, இன்றைக்கு ராணுவத்துக்கு ஏதாவது பயன் உண்டா?

தகடூரான் (தர்மபுரி):
முதலில் அவை காத்தது ஐரோப்பிய வணிகக் கம்பெனிக்காரர்களின் கிடங்கைத்தான். சோழமண்டலக் கரையில் அப்போது சரியான துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கும் ஆளும் மசூலா என்ற, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும், அந்த இறங்குமிடமும் கிடங்கும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால்தான் கோட்டை மணலில் நிற்கிறது. ஆனால் கப்பல் பக்கத்தில் இல்லாவிட்டால் சுவர் மட்டும் ஒன்றும் செய்யாது. 1746-ல் ஆங்கிலேயக் கப்பற்படை வங்காளத்துப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை சில நாட்களில் சரண். அதே கோட்டையை 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டார், இரண்டு மாதம் அடித்தும் விழவில்லை, பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் மூட்டை கட்டினார்.

ஊத்தங்கரை சுப்பு:
அண்ணா, எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் கணக்கிலேயே எழுதினால் எப்படி? சிவாஜி 1664-ல் மால்வனுக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் தீவில் சிந்துதுர்க் கட்ட ஆரம்பித்தார், அது கிடங்குக் காவல் இல்லை, அவருடைய கப்பற்படைக்குத் தளம். அதே மேற்குக் கரையில் இருக்கும் ஜஞ்சிரா கடல்கோட்டையை, அதை ஆண்ட ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்திகளிடமிருந்து மராத்தியர்களால் கடைசி வரை பிடிக்கவே முடியவில்லை. நம் குமரிப் பக்கம் வட்டக்கோட்டையும் இருக்கிறது, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டி லனாய் பிறகு திருவிதாங்கூர் தளபதியாகி அதைப் பலப்படுத்தினார். வந்தவனையே வேலைக்கு வைத்துக்கொண்ட கதை!

தகடூரான்:
சரி, ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் அங்கேயும் தளம் என்கிறீர்களே, கப்பல் இருந்ததால்தானே அது தளம்? கிருஷ்ணகிரி நண்பர் கேட்ட பின்பக்கம்தான் முக்கியம். 1769-ல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி குதிரைப்படையோடு சென்னைக்குப் பக்கத்தில் தரை வழியாக வந்து நின்றதும் ஆங்கிலக் கம்பெனி ஒப்பந்தத்துக்கு இறங்கியது. 1780-ல் திரும்பவும் வந்தார், நம் சிங்காரப்பேட்டைக்கு அந்தப்பக்கம் இருக்கிற செங்கம் கணவாய் வழியாக. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகாலை, அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தை, கம்பெனி கேட்டு வாங்கியதற்கு இந்தக் கணவாய்களும் ஒரு காரணம். சென்னைக் கோட்டையின் கொல்லைப்புறக் கதவு நம்ம ஊரில்தான் இருந்தது.

பழைய பட்டாளம் (பர்கூர்):
இன்றைய பயன் பற்றி யாரும் சொல்லவில்லை. சுவராகப் பயனில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனபோதே அது தெரிந்துவிட்டது. 1993-ல் மும்பை குண்டுவெடிப்புக்கான வெடிமருந்து இறங்கிய சேகாடி, ஜஞ்சிரா இருக்கும் அதே ராய்கட் மாவட்டம். 2008-ல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் மீன்பிடிப் படகில் வந்தார்கள், அதற்குப் பீரங்கி மேடை என்ன செய்யும்? அதன் பிறகுதான் கரையோர ரேடார் வரிசை வந்தது, அதில் பல ரேடார்கள் கலங்கரை விளக்கங்களின் மேல் இருக்கின்றன. உயரமான இடம், நாலு பக்கமும் பார்வை, பழைய ஆட்கள் தேடிய அதே இடம்தான். படகில் புது முகம் தெரிந்தால் முதலில் கவனிப்பது மீனவர்கள். அவர்கள் சொன்னால் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் போகும். கோட்டையைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளட்டும்.

மலையடிவாரம்:
செங்கம் கணவாய் வழியாக எத்தனையோ தடவை திருவண்ணாமலை பஸ்ஸில் போயிருக்கிறேன், இது தெரியாது. ராயக்கோட்டையும் இந்தக் கணக்கில் வருமா?

தகடூரான்:
வரும். 1791-ல் கவுடி என்ற கம்பெனி மேஜர் பிடித்தார். அது கீழே சென்னைக்குப் போகிற வழி இல்லை, மேலே மைசூருக்கு ஏறுகிற வழி. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போன படைக்கு அரிசியும் மாடும் அந்தப் பக்கமாகப் போக வேண்டியிருந்தது. தனி இழை போடுங்கள், எழுதுகிறேன்.