மறு: எனோக்கி – இழைக்காளானா, ஊசிக்காளானா?

> எனோக்கிக் காளானின் அறிவியல் பெயரில் வரும் 'ஃபிலிஃபார்மிஸ்' என்றாலே நூல் வடிவம். ஆகவே 'இழைக்காளான்' என முன்மொழிகிறேன்.

வணக்கம் ஐயா. பூஞ்சையியலில் இழைக்கு வேறு வேலை இருக்கிறது. எல்லாக் காளானும் பூஞ்சையிழைகளால் ஆனதுதான். 'இழைக்காளானின் இழைகள்' என்று பாடநூலில் எழுத நேர்ந்தால் மாணவர் திணறுவார். சீனத்தில் இதன் பெயர் ஜின்சென்கூ, அதாவது பொன்னூசிக் காளான். நம்மிடமும் சிப்பிக்காளான், மொட்டுக்காளான் என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்தே பெயர் வழங்குகிறது. ஊசிக்காளான் என்போம்.

> ஊசிக்காளான் என்போம்.

ஏற்கிறேன் அம்மா, சந்தைக்கு வரும் வெள்ளைக் கொத்துக்கு மட்டும். காட்டில், குளிர்காலத்தில் பட்ட மரத்தில் முளைப்பதற்குப் பழுப்புக் குடையும் கருத்த குட்டைத் தண்டும்தான் இருக்கும். புட்டியில், குளிரில், மங்கிய ஒளியில், கரியமில வாயு மிகும்படி வைத்து, வாயைச் சுற்றித் தாளைக் கூம்பாகக் கட்டி வளர்ப்பதால் தண்டு நீண்டு வெளுக்கிறது. காட்டு வடிவத்துக்குக் 'குளிர்க்காளான்' எனத் தனிப் பதிவு வேண்டும்.

எனோக்கி பற்றிய நம் பதிவின் சமையல் பகுதியில் 'பச்சையாகச் சாலட்டில் தூவலாம்' என்றிருப்பதை உடனே நீக்குங்கள். அமெரிக்காவில் 2016 முதல் 2019 வரை பரவி, 2020இல் இந்தக் காளானோடு தொடர்புபடுத்தப்பட்ட லிஸ்டீரியா என்ற பாக்டீரியத் தொற்றில் 36 பேர் நோயுற்றனர், 4 பேர் இறந்தனர். அந்தக் கிருமி குளிர்பெட்டியிலும் பெருகும். கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் பேராபத்து.

பதிலாக இப்படி எழுதலாம்: மரத்தூள் ஒட்டிய அடிப்பகுதியை 3 செ.மீ. அளவுக்கு நறுக்கி எறியவும். மீதியை மெல்லிய பிரிகளாகப் பிரித்துவிடவும். கொத்தாகவே போட்டால் வெளிப்புறம் வதங்கி நடு வேகாமல் நிற்கும். காய்ந்த வாணலியில் எண்ணெய் விட்டு, பெருந்தீயில் 3–4 நிமிடம் வதக்கவும். உப்பைக் கடைசியில் சேர்க்கவும். முதலிலேயே சேர்த்தால் நீர் விட்டுக் கொழகொழத்துவிடும். சூப்பில் என்றால், காளானைப் போட்டு மறுபடி கொதி வந்தபின் 3 நிமிடம்.

'புரதச் சுரங்கம்' என்ற வரியும் வேண்டாம். பச்சைக் காளான் 100 கிராமில் புரதம் சுமார் 2.7 கிராம், நார்ச்சத்தும் ஏறத்தாழ அதேயளவு, ஆற்றல் 37 கலோரி. ஒரு முட்டையிலேயே 6 கிராம் புரதம் இருக்கிறது. நயாசினும் (பி3 வைட்டமின்) பொட்டாசியமும் நல்ல அளவில் உள்ளன, அவற்றைச் சொல்லுங்கள். தண்டு எளிதில் மசியாது. மெல்லாமல் விழுங்கினால் அப்படியே வெளியேறும். சிறுவருக்குச் சமைக்கும்போது 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிட்டால் பதிவை ஏற்றலாம்.