குளிர்காலத்தில் இரண்டு நாள் எகெர்: பிள்ளைகளும் பாட்டியும் கூட வந்தால்

ஜனவரி, பிப்ரவரியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புடாபெஸ்டை விட்டு வெளியே எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஹங்கேரியின் வடக்கே இருக்கும் பழைய ஊரான எகெர்தான். நாங்கள் புடாபெஸ்டிலேயே குடியிருப்பவர்கள், குளிர்காலம் வந்தால் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விடுவோம். கடைசியாகப் போனபோது மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட இருந்தார், அதனால் ஓடுகிற பிள்ளைகளுக்கும் முழங்கால் வலியோடு நடப்பவருக்கும் எது சரிப்படும், எது சரிப்படாது என்று நன்றாகவே தெரிந்தது.

திட்டத்தை வெளிச்சத்தை வைத்துப் போடுங்கள். டிசம்பர் நடுவில் அங்கே நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் விழுந்துவிடும், ஜனவரிக் கடைசியிலும் ஐந்து மணிக்கு நல்ல இருட்டு. குளிருக்காவது உடுப்பு இருக்கிறது, இருட்டிவிட்டால் பிள்ளைகள் "வீட்டுக்குப் போகலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கோட்டை, சதுக்கம், கோபுரம் எல்லாவற்றையும் காலை பத்திலிருந்து இரண்டரைக்குள் முடித்துவிட்டு மாலையை வெந்நீர்க் குளத்துக்கு விட்டுவிட்டால் இரண்டு நாளும் சுகமாகப் போகும்.

புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம். எகெர் நிலையம் ஊர் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது, பெட்டியும் தூங்கும் குழந்தையும் கையில் இருந்தால் டாக்சி பிடித்துவிடுங்கள். தங்கும் இடம் டோபோ சதுக்கத்தை ஒட்டி இருக்கட்டும், பழைய நகரத்தில் பார்க்க வேண்டியது எல்லாம் அங்கிருந்து நடக்கும் தூரம். சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிற மாதிரி அபார்ட்மெண்ட் எடுத்தால் ஹீட்டரை மதியமே போட்டு வைக்கச் சொல்லி முதல் நாளே செய்தி அனுப்புங்கள். நாங்கள் போன வீடு சில்லென்று கிடந்தது, அந்தத் தடிச் சுவர் சூடேற ராத்திரி ஆகிவிட்டது, அதுவரை அம்மா கோட்டைக் கழற்றவே இல்லை.

கோட்டைக்குப் பதினோரு மணிக்கு மேல் ஏறுங்கள். கரடுமுரடான கல் பாவிய சரிவு அது, காலையில் உறைபனி பிடித்து வழுக்கும். நாங்கள் போனபோது ஊழியர் ஒருவர் வாளியில் உப்பு எடுத்து வந்து தூவிக்கொண்டிருந்தார், அம்மா தயங்கி நிற்பதைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு முழங்கையை நீட்டினார். அம்மா கூச்சப்படாமல் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். அவர் ஹங்கேரிய மொழியில் ஏதோ சொல்ல, அம்மா தமிழில் "நல்லா இருப்பா" என்றார்.

பிள்ளைகளுக்குக் கதையை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போனால் வெறும் சுவர் அவர்களுக்குச் சுவராகத் தெரியாது. 1552-ல் துருக்கியரின் ஓட்டோமான் படை இந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தது பெண்கள், பிள்ளைகள் உட்பட ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், தலைவர் இஷ்த்வான் டோபோ. ஒரு மாதத்துக்கு மேல் தாக்கியும் கோட்டை விழவில்லை, அக்டோபரில் படை திரும்பிப் போனது. பிறகு 1596-ல் விழுந்தது, 1687 வரை ஓட்டோமான் ஆட்சி. ஊருக்குள் ஒல்லியாக நிற்கும் மினாரும் பழைய துருக்கிக் குளியல் மாளிகையும் அந்தக் காலத்தவை. (மினார் நாற்பது மீட்டர் உயரம். குளிர்காலத்தில் ஏறலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், நாங்கள் போனபோது பூட்டித்தான் இருந்தது.) இந்த முற்றுகையை நாவலாக எழுதிய கார்தோனி கேசா கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார், "அவர் உடல் மட்டுமே" என்று கல்லறையில் பொறித்திருக்கிறது. இங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கும் நாவல் அது. கொத்தளத்தில் ஒரு ஹங்கேரியக் குடும்பம் நின்றிருந்தது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி என் மகனிடம் ஆங்கிலத்தில், "இங்கேதான் பெண்கள் கொதிக்கிற தார் ஊற்றினார்கள், கீழே எட்டிப் பார்" என்றாள். நான் அதே கதையை ரயிலில் சொன்னபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவள் சொன்னதும் கைப்பிடிச் சுவரை விட்டு நகரவில்லை. நிலவறைச் சுரங்கங்களையும் விடாதீர்கள், குளிர்காற்று அடிக்காத இடம் என்பதால் மேலே இருப்பதைவிட இதமாகவே இருக்கும்.

வெயில் அடித்தால் மற்றதை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு லைசியம் போங்கள். இப்போது அது பல்கலைக்கழகம், பிஷப் கரோய் எஸ்தர்ஹாசி 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. கோபுர உச்சியில் கேமரா ஆப்ஸ்க்யூரா இருக்கிறது. இருட்டறை, நடுவில் வெள்ளை வட்ட மேசை. வழிகாட்டி ஒரு கம்பியைத் திருப்பினார், கூரையில் உள்ள கண்ணாடி சுழல, கீழே இருக்கும் ஊர் மேசையில் வந்து விழுந்தது. படம் இல்லை, அந்த நிமிஷத்து ஊர், புகைபோக்கியில் புகை போகிறது, கார் திரும்புகிறது. தெருவில் நடந்துபோன ஒருவர் காலடியில் வழிகாட்டி ஒரு தாளை வைத்து மெதுவாகத் தூக்கினார், அந்த மனிதர் தாள் மேல் ஏறி நடந்து அந்தப் பக்கம் இறங்கிப் போனார். என் மகள் தாளை வாங்கி ஒரு பேருந்தையே தூக்கினாள். மேகமூட்டமாக இருந்தால் மேசையில் மங்கலாகத்தான் தெரியும், அதனால்தான் வெயில் பார்த்துப் போகச் சொல்கிறேன். படி அதிகம், அம்மாவைக் கீழே ஒரு காபிக்கடையில் கஷ்கொட்டை மசியலும் கிரீமும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் போனோம்.

மாலைக்கு எகெர்சாலோக். ஆறேழு கிலோமீட்டர்தான், பேருந்து உண்டு. 1961-ல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது 65 டிகிரிக்கு மேல் கொதிக்கிற தண்ணீர் பீறிட்டது, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து ஒரு மலைச்சரிவே வெள்ளையாக அடுக்கடுக்காக நிற்கிறது, உப்புமலை என்கிறார்கள். அதைப் பார்த்தபடி திறந்தவெளிக் குளத்தில் கழுத்தளவு வெந்நீரில் இருக்கலாம், தலைமுடி மட்டும் உறையும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை. நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று: பருத்தித் துணி, சுடிதார் போட்டு இறங்க விடமாட்டார்கள், கை கால் மூடிய நீச்சலுடை கடையில் கிடைக்கிறது, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அம்மா முதலில் ஓரமாகவே இருந்தார். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாள் தன் முழங்காலைத் தட்டிக்காட்டி, அம்மாவின் முழங்காலைச் சுட்டி, கையைப் பிடித்துச் சுவரிலிருந்து நீர் பாயும் இடத்துக்கு இழுத்துப் போனார். எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் சைகைதான். அரை மணி நேரம் இரண்டு பேரும் அங்கேயே. மறுநாள் கதீட்ரல் படிகளை அம்மா யார் கையும் பிடிக்காமல் ஏறினார்.

ஊருக்குள் இருக்கும் துருக்கிக் குளியல் மாளிகையில் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு, குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்டுக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்குச் சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், பொரித்த சீஸ், பூண்டு தடவிய லாங்கோஷ் என்னும் பொரித்த ரொட்டி, பாஸ்தாவில் தயிர்ச்சீஸ் போட்டது எல்லாம் எங்கும் இருக்கும். பாஸ்தாவுக்கு மேலே பன்றிக் கொழுப்பு வறுத்துத் தூவுவார்கள், அது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊறுகாய் ஒரு பாட்டில் பையில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒயின் பிடித்தவர்களுக்கு அழகிய பெண்ணின் பள்ளத்தாக்கு நடக்கும் தூரம், மலையைக் குடைந்த நிலவறைகள் வரிசையாக இருக்கும். அந்த ஊர்ப் பெயர் பெற்ற பிகாவேர் சிவப்பு ஒயினைக் கண்ணாடிக் குழாயால் பீப்பாயிலிருந்து உறிஞ்சி எடுத்து ஊற்றுவார்கள், பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு கிடைக்கும். கார் ஓட்டுகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, ஹங்கேரியில் வரம்பு பூஜ்யம்.

* * *

நான் டெப்ரெட்சனில் மருத்துவம் படிக்கிறேன், அப்பா அம்மா வந்தபோது எகெர்தான் கூட்டிப்போனேன், மேலே எழுதிய அக்கா சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன், எகெர்சாலோக்கைத் தவிர. சனிக்கிழமை மாலை அங்கே கூட்டம் நெரிகிறது, உடுப்பு மாற்றும் இடத்தில் அப்பா பொறுமை இழந்துவிட்டார். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்த கையோடு குளத்துக்குப் போய்விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் வடக்கே சில்வாஷ்வாரத் போகலாம், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள். லிப்பிசானர் குதிரைகள் வளர்க்கிற ஊர். அங்கே சலாய்கா பள்ளத்தாக்கில் காட்டு வழியாகத் தட்டையான பாதை, பெரியவர்களும் நடக்கலாம். ஃபாத்யோல் அருவி படிப்படியாக இறங்குகிறது, நாங்கள் போனபோது ஓரமெல்லாம் உறைந்து நடுவில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பிறந்ததிலிருந்து குற்றாலம் பார்த்து வளர்ந்தவர், உறைந்த அருவியைத் தொட்டே ஆக வேண்டும் என்று குச்சியால் ஒரு பனித் துண்டை உடைத்தெடுத்தார். பக்கத்தில் நின்ற ஹங்கேரியத் தாத்தா தன் ஃபிளாஸ்கிலிருந்து சூடான தேநீர் ஊற்றிக் கொடுத்தார், எலுமிச்சையும் தேனும் போட்டது. பள்ளத்தாக்கில் ஓடும் குட்டி ரயிலை நம்பிப் போகாதீர்கள், குளிர்காலத்தில் ஓடும் என்று நிச்சயமில்லை. காலணி நல்ல பிடிமானம் உள்ளதாக இருக்கட்டும், திரும்பும் பேருந்து நேரத்தைப் போகும்போதே போட்டோ எடுத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு.