மறு: ஸ்னாப் என்பதற்குத் தமிழில் – கட்டட வரைவுச் சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

வரைவு மென்பொருளில் சுட்டி தானாகவே ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் நிற்பதை ஸ்னாப் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு ஒட்டு, பிடிப்பு, பற்று, ஈர்ப்பு, கவ்வு என்று இதுவரை ஐந்து சொற்கள் வந்துவிட்டன. எது நல்லது என்று வாக்கெடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. நமக்கு ஒரே சொல்தான் வேண்டுமா?

ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் எஃப்3, எஃப்9 விசைகள் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். எஃப்3 ஆப்ஜெக்ட் ஸ்னாப். சுட்டி ஒரு கோட்டின் முனைக்குப் பக்கத்தில் வந்தால் போதும், அந்த முனையையே எடுத்துக்கொள்ளும். எஃப்9 வெறும் ஸ்னாப். நீங்கள் ஏற்கெனவே வரைந்த எதையும் அது பார்ப்பதில்லை. இடைவெளி 100 மி.மீ. என்று வைத்திருந்தால் சுட்டி 100, 200, 300 என்று தாவும், அவ்வளவுதான். முன்னது வரைந்த பொருளைத் தேடிப் போகிறது, பின்னது எண்களில் படியேறுகிறது. பெயர் மட்டும் ஒன்று.

முப்பரிமாண மாதிரி செய்யும் ஸ்கெட்ச்அப்பில் இந்தக் குழப்பம் வேலையையே கெடுக்கும். அங்கே அலகு அமைப்புகளில் லெங்த் ஸ்னாப்பிங் என்று ஒன்று இருக்கிறது. அதை 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டு ஒரு சாய்ந்த சுவரை நோக்கிக் கோடு இழுத்தால், கோட்டின் நீளம் 10-இன் மடங்கில் நிற்கப் பார்க்கும். சுவர் இருப்பது 2,347 மி.மீ. தொலைவில் என்றால் கோடு 2,340-இலோ 2,350-இலோ நின்றுவிடலாம். திரையில் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரியும், ஆனால் தொடாது. பழகியவர்கள் முதல் வேலையாக அதை அணைத்துவிடச் சொல்வது இதனால்தான். இதற்கும் முனையைப் பிடிக்கும் வேலைக்கும் ஒரே பெயர் கொடுத்தால், 'ஸ்னாப் போட்டுத்தானே வரைந்தேன், ஏன் சேரவில்லை?' என்று மாணவர் கேட்பார். கேட்பது நியாயம்தான்.

எஃப்9-க்கும் லெங்த் ஸ்னாப்பிங்குக்கும் 'படி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். முன்னது கட்டப்படி, பின்னது நீளப்படி. கோணத்துக்கும் இதே வேலை உண்டு, அதைக் கோணப்படி என்றால் போதும்.

> ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் வைத்தால் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒழுங்கு போய்விடும்.

போகாது. இடைமுகத்தில் இவை தனித்தனிச் சரங்கள், அதாவது தனித்தனியாக மொழிபெயர்க்கும் சொற்றொடர்கள். சரம் ஒன்றாகவே இருந்தாலும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் கோப்பில் சூழலைக் குறிக்க இடம் இருக்கிறது. கோப்புக்காகப் பொருளைக் குழப்ப வேண்டியதில்லை.

அடுத்து, எஃப்3-க்கு என்ன சொல்? 'ஒட்டு' ஏற்கெனவே பேஸ்டுக்குப் போய்விட்டது. அதைவிட முக்கியமாக, ஸ்கெட்ச்அப்பில் தொடும் வடிவங்கள் உண்மையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒன்றை நகர்த்தினால் மற்றதும் இழுபடும். குழுவாகக் கட்டிவை என்று சொல்லிக் கொடுப்பதே அதற்காகத்தான். 'ஒட்டு' அந்த நடத்தைக்கு வேண்டும். 'பிடி'யை ஆட்டோகேடில் பொருளைத் தேர்ந்தால் வரும் நீலச் சதுரங்களுக்கு, அதாவது கிரிப்புக்கு, வைத்துக்கொள்ளலாம். 'ஈர்ப்பு' அழகாக இருக்கிறது, ஆனால் ஏவலாக வராது. 'முனையை ஈர்' என்றால் முனை நம்மிடம் வருவதுபோல் ஆகிவிடும். வரவேண்டியது சுட்டி.

மிச்சம் பற்று, கவ்வு. 'பற்று' கணக்குப் பேரேட்டுச் சொல் என்ற ஆட்சேபம் பெரிதல்ல, வரைபடத்தில் யாரும் பற்று வரவு பார்க்கப் போவதில்லை. இருந்தும் என் வாக்கு கவ்வுக்குத்தான். அந்தச் சொல்லில் ஒரு திடீர்த்தன்மை இருக்கிறது. சுட்டி நெருங்கும், நெருங்கும், சட்டென்று கவ்வும். திரையில் நடப்பது அதுதான்.

> கவ்வு என்றால் நாய்தான் நினைவுக்கு வருகிறது.

இருள் கவ்வுகிறது, இடுக்கி கவ்வுகிறது, தேர்தலில் தோற்றவர் மண்ணைக் கவ்வுகிறார். நாய்க்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொல் அல்ல.

முனையைக் கவ்வு, நடுப்புள்ளியைக் கவ்வு, கவ்வுபுள்ளி, கவ்வாமல் நகர்த்து. எல்லா வடிவிலும் வளைந்து கொடுக்கிறது.

இந்த உத்தி பழையது. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் ஆய்வுக்காகச் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே இது இருந்தது. ஒளிப்பேனா ஒரு கோட்டுக்கு அருகே வந்தால், கை காட்டும் இடத்தை விட்டுவிட்டுக் கோட்டின் மேலுள்ள இடத்தையே நிரல் எடுத்துக்கொள்ளும். கை நடுங்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். முப்பரிமாண மாதிரியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. திரை தட்டை. வெற்றிடத்தில் சொடுக்கினால் அது எவ்வளவு ஆழத்தில் என்பதை நிரல் ஊகிக்கத்தான் வேண்டும். அறையின் நாலு சுவர்க்கோட்டையும் இழுத்து முடித்த பிறகும் முகம் (கோடுகளுக்குள் அடைபடும் பரப்பு) உருவாகவில்லையா? ஒன்று, முனைகள் சேரவில்லை. இல்லாவிட்டால் ஒரு முனை தளத்தைவிட்டு மேலேயோ கீழேயோ போயிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது, சுற்றிப் பார்க்க வேண்டும்.

புள்ளியைக் கவ்வுவது போக, கோட்டை அச்சின் திசையோடு சேர்ப்பதும் இருக்கிறது. அந்தத் திசைக்கு வருகிறேன். ஸ்கெட்ச்அப் எல்லாவற்றையும் இன்ஃபரன்ஸ் (ஊகித்தறிதல்) என்கிறது, பச்சைப் புள்ளியாக வரும் முனையையும் சரி, அச்சோடு இணையும்போது கோடு சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறுவதையும் சரி. 'குறிப்பறிதல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். குறளில் இரண்டு அதிகாரங்களுக்குள்ள பெயர், படித்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வரைபடத்தில் 'குறிப்பு' என்றால் ஓரத்தில் எழுதும் நோட். மெனுவில் இரண்டும் அருகருகே வந்தால் தொல்லை.

திசைக்குக் கொத்தனாரிடமே சொல் இருக்கிறது. நூல் பிடிப்பது. வரிசை நேராக இருந்தால் 'நூல் பிடித்த மாதிரி' என்கிறோமே, அதுதான். திரையில் வரும் புள்ளிக்கோடு நூற்கோடு. அச்சோடு சேர்ப்பது நூல்பிடிப்பு. அம்புக்குறி விசையால் அச்சைப் பூட்டுவது (வலம் சிவப்பு, இடம் பச்சை, மேல் நீலம்) நூல்பூட்டு.

> நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இல்லையா?

ஆமாம், தச்சரிடம் அப்படித்தான். எண்ணோடு வந்தால் அளவு, பிடிப்போடு வந்தால் திசை. பட்டறையில் இரண்டும் சேர்ந்தே புழங்குகின்றன, யாரும் தடுமாறுவதில்லை.

அப்புறம், 'துல்லியம்' பற்றி ஒரு வார்த்தை. அலகு அமைப்பில் உள்ள பிரிசிஷனை அப்படியே துல்லியம் என்று எழுதினால் தவறாகப் புரியும். அது வரைவின் துல்லியத்தை மாற்றாது, எத்தனை தசம இடம் காட்டலாம் என்பதை மட்டும் சொல்கிறது. சுவர் 3000.4 மி.மீ. இருந்து, தசமமே வேண்டாம் என்று வைத்திருந்தால் அளவு காட்டும் பெட்டியில் 3000 என்று வரும், முன்னால் ஓர் அலைக்குறியோடு (~). அந்த அலைக்குறி 'கிட்டத்தட்ட' என்று எச்சரிக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆகவே அந்த அமைப்புக்குக் 'காட்டும் தசமம்' என்று நேராகவே எழுதிவிடலாம். கோடு இழுக்கத் தொடங்கி 3000 என்று தட்டி என்டர் அழுத்துகிறோமே, துல்லியம் அங்கேதான் வருகிறது.

முனையிலிருந்து எத்தனை படப்புள்ளி தள்ளி வந்தால் கவ்வ வேண்டும் என்ற எல்லைக்குக் 'கவ்வெல்லை' என்று போட்டிருக்கிறேன். வாயில் சரியாக நுழையவில்லை. மாற்று இருந்தால் அனுப்புங்கள்.