மறுமொழி: ‘பிரஸ்டீஜ்’ பொத்தானுக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை முழுவதையும் படித்தேன். புதிதாக வருபவர்களுக்கு: ஆடாமல் விட்டாலும் எண்ணிக்கை தானே ஏறிக்கொண்டிருக்கும் விளையாட்டுதான் ஐடில் கேம். அதில் சேர்த்ததை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வைப்பது ‘பிரஸ்டீஜ்’ பொத்தான்; பதிலுக்கு அடுத்த ஆட்டங்களிலும் நிற்கும் நிரந்தரப் புள்ளி கிடைக்கும். கௌரவம், மீட்டமைவு, மறுபிறவி, புதுச்சுற்று என்று நல்ல சொற்களாகவே வந்திருக்கின்றன. ஆனால் ஐடில் கேம் ஆடுகிறவருக்கு அந்தப் பொத்தானில் இருக்கும் தலைவலி, அதை எப்போது அழுத்துவது என்பதுதான். சீக்கிரம் அழுத்தினால் நிரந்தரப் புள்ளி சில்லறையாகத்தான் வரும். தள்ளிப்போட்டால் மணிக்கணக்கில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இந்த ‘எப்போது’ இதுவரை வந்த எந்தச் சொல்லிலும் இல்லை.

> நேராகவே ‘கௌரவம்’ என்று வைத்துவிடலாமே?

2007இல் வந்த துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கால் ஆஃப் டூட்டி 4க்கு வைக்கலாம் ஐயா. அதில் 55ஆம் நிலையை எட்டியவர், திறந்து வைத்த ஆயுதங்களை எல்லாம் விட்டுவிட்டு முதல் நிலைக்குத் திரும்புவார். மிஞ்சுவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம். வெறும் பெருமைதான். 2013இல் வந்த, பிஸ்கட் சுட்டுக் குவிக்கும் ஐடில் கேமான குக்கி கிளிக்கரில் அதே பெயர் வேறு வேலை செய்கிறது: ஒவ்வொரு பிரஸ்டீஜ் நிலையும், அதன் பலனை முழுதாகத் திறந்தபின், உற்பத்தியை 1 சதவீதம் கூட்டும். அது முதலீடு.

> ‘மீட்டமை’ கைபேசியிலேயே இருக்கிறதே.

இருப்பதுதான் சிக்கல். நண்பர் ஒருவர் செய்யும் சின்ன விளையாட்டுக்கு நான் தமிழ் வரிகள் எழுதுகிறேன். அதன் அமைப்புகள் பக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதற்கும் ‘மீட்டமை’தான். பிரஸ்டீஜ் பொத்தானுக்கும் அதே சொல்லை வைத்து, பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்துப் பார்த்தோம். விரலைத் திரைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, “அண்ணா, இத அழுத்துனா எல்லாம் போயிடுமா?” என்றான். போகும், ஆனால் போகாது என்று அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளை; தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். பெங்களூரில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. சொல் காதில் விழுந்ததும் பிடிபட வேண்டும்.

‘மறுபிறவி’ பையன்கள் சொல்லும் ‘ரீபர்த்’துக்குப் பக்கத்தில் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிறவிப்பிணி என்று சொல்லிப் பழகிய மொழியில் அதைப் பரிசாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை: கவாத்து, அதாவது செடி நன்றாகத் தழைக்கக் கிளைகளை வெட்டிவிடுவது.

அப்பா குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர், அதனால் வீட்டில் புழங்கிய சொல். தேயிலையை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். விட்டுவைத்தால் செடி உயரும், கொழுந்து குறையும், பறிக்கக் கையும் எட்டாது. வெட்டினால் சில மாதம் அந்தப் பாத்தியில் வரவு இல்லை. ஆனால் வேர் அப்படியே இருக்கிறது. புதுத் தளிர் நெருக்கமாக வரும். இழப்பு, மிச்சம், காத்திருப்பு, திரும்ப வளர்வது எல்லாம் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. அதோடு, கவாத்து என்றதுமே ‘எப்போது?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

அதற்குக் கணக்கு உண்டு. குக்கி கிளிக்கரில் முதல் நிலைக்கு ஒரு லட்சம் கோடி பிஸ்கட் வேண்டும். 10ஆம் நிலைக்கு அதைப்போல 1,000 மடங்கு, 20க்கு 8,000 மடங்கு. எல்லா ஆட்டங்களையும் சேர்த்துத்தான் கணக்கு. நிலை இரட்டிப்பாக உழைப்பு எட்டு மடங்கு ஆவதால், ஓர் ஆட்டம் நீள நீளப் புள்ளி வரும் வேகம் ஒரு கட்டத்துக்குமேல் படுத்துவிடும். ஆட்டம் தொடங்கி 40 நிமிடத்தில் 20 புள்ளி சேர்ந்தது என்று வையுங்கள்: சராசரி நிமிடத்துக்கு 0.5. இந்த நிமிடத்தின் வரவு அதற்கு மேல் இருக்கும்வரை ஆடலாம். 0.4க்கு இறங்கிவிட்டதா, வெட்டிவிட வேண்டியதுதான். இரைதேடும் விலங்கு ஓரிடத்தை விட்டு எப்போது கிளம்பும் என்பதற்கு சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976இல் சொன்ன விதியும் இதுவே. அடுத்த இடம் தொலைவென்றால் இங்கேயே கூடுதல் நேரம் மேயும். அதேபோல, வெட்டியபின் பழைய வேகத்துக்கு வரத் தாமதமாகும் ஆட்டத்தில் வெட்டைத் தள்ளிப்போட வேண்டும். நிரந்தர மேம்பாடுகள் அந்தத் தாமதத்தைக் குறைத்தால் அடிக்கடி வெட்டலாம்.

விதிவிலக்கு ஒன்று: கண்ணில் பட்ட மேம்பாட்டின் விலை 50, கையில் 46 என்றால் சராசரியை மறந்துவிட்டு அந்த நாலையும் சேர்த்துக்கொண்டு வெட்டுங்கள்.

சரி, சொற்குடும்பம். செயலுக்குக் கவாத்து, கையில் மிஞ்சுவதற்கு வேர்ப்புள்ளி, பழைய வேகத்துக்குத் திரும்பும் நேரத்துக்குத் தளிர்க்காலம், வெட்டத் தகுந்த கட்டத்துக்குக் கவாத்துப் பருவம்.

எல்லா ரீசெட்டுக்கும் இது ஒட்டாது. ஆன்டிமேட்டர் டைமென்ஷன்ஸ் என்ற ஐடில் கேமில் எண்ணிக்கை ஏறத்தாழ 1.79 × 10^308ஐத் தொட்டதும் ஆட்டம் தானே உங்களை நிறுத்திவிடும். அந்த வரம்பை உடைக்கும்வரை முடிவெடுக்க உங்களுக்கு ஒன்றுமே இல்லை. அதை அறுவடை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து

—

தம்பி,

எங்கள் வீட்டில் கவாத்து என்றால் ஆயுதப்படை மைதானத்தில் நடக்கும் அணிவகுப்புப் பயிற்சிதான். அப்பா காலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவாரே, அது. இரண்டு பொருளும் வழக்கில் இருக்கின்றன, அதனால் சண்டைக்கு வரவில்லை. பொத்தானில் ஒரு கத்தரிக்கோல் படம் போட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் ரோஜாத் தொட்டி வைத்திருக்கிற யாருக்கும் புரிந்துவிடும்.

‘பருவம்’ மட்டும் வேண்டாம். பருவம் தானாக வரும், தானாகப் போகும். இங்கே ஆடுகிறவர்தான் கவனித்துப் பிடிக்க வேண்டும். கவாத்துப் பதம் என்று வையுங்கள். பாகுக்குச் சொல்வோமே, அந்தப் பதம். விட்டால் முறிந்துவிடும்.

—

அக்கா,

பதம் என்றே மாற்றிவிட்டேன், கத்தரிக்கோலும் போட்டாயிற்று. குறிப்புப் பெட்டியில் இப்போது இருக்கும் வரி: “இந்த நிமிட வரவு சராசரிக்குக் கீழே இறங்கிவிட்டது. கவாத்துப் பதம்.” ‘அறுவடை’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாற்றுச் சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.