கேசினோ என்றால் முதலில் என்ன பொருள்?

மவுண்ட்ரோடு வாசி:
சென்னை அண்ணா சாலைப் பக்கம் இருக்கும் கேசினோ தியேட்டரில் இளமையில் எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன். நேற்று அந்த வழியாகப் போனபோது, "தாத்தா, இங்கே முன்பு சூதாடினார்களா?" என்று பேத்தி கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் எதற்கு அந்தப் பெயர்?" என்றாள். விழித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோல்ஷாப்பு:
நேரடியாகச் சொன்னால் 'சின்ன வீடு'. சிரிக்காதீர்கள், விஷயம் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

இத்தாலிய மொழியில் காஸா என்றால் வீடு. 'இனோ' சேர்ந்தால் சிறியது என்று பொருள். பணக்காரர்கள் தோட்டத்துக்குள் ஓய்வெடுக்கக் கட்டிக்கொண்ட சிறு மாளிகைதான் காஸினோ. வத்திக்கான் தோட்டத்திலேயே போப் நான்காம் பயஸ் பெயரில் 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று உண்டு. இன்று அதில் அறிவியல் கழகம் இயங்குகிறது! பிறகு பாட்டு, நடனம், சீட்டு என்று கூடிப் பொழுதுபோக்கும் இடத்துக்கும் அதே பெயர் வந்தது. கடைசியில் சீட்டு மற்றவற்றைத் தின்றுவிட்டது. ஆங்கிலத்திலும் 19ஆம் நூற்றாண்டில் இசை, நடனக் கூடங்களை அப்படி அழைத்திருக்கிறார்கள். எனவே தியேட்டருக்கு அந்தப் பெயர் பொருந்தாத ஒன்றில்லை.

நான் வாணியம்பாடிக்காரன். இத்தாலியில் விச்சென்சா பக்கம் ஆர்சிஞானோ என்ற ஊரில் தோல் பதனிடும் ஆலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். போன புதிதில், "ஞாயிற்றுக்கிழமை வெனிஸ் போய்க் காஸீனோ பார்க்கப்போகிறேன்" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். கூடமே சிரித்தது. 'ஸீ'யில் அழுத்தினால் விலைமாதர் இல்லமாம். 1958இல் சட்டம் போட்டு மூடியதை நான் தேடிப் போகிறேன் என்று கேலி செய்தார்கள். சூதாட்ட விடுதி வேண்டுமென்றால் கடைசி 'னோ'வில் அழுத்த வேண்டும். அடுத்த வாரம் சாயத் தொட்டியை நான் கவிழ்த்தபோது மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டு, "கே காஸீனோ!" என்றார். என்ன அலங்கோலம் இது என்று அர்த்தம். ஒரே சொல், வீட்டில் தொடங்கி எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.

கால்வாய்க்கரை:
வெனிஸைச் சொன்னீர்கள், ரிதோத்தோவை விட்டுவிட்டீர்களே. 1638இல் அரசே திறந்த சூதாட்டக்கூடம் அது. ஆட வருபவர் முகமூடி போட வேண்டும். பிரபுக்கள் சொத்தையெல்லாம் தோற்கவே 1774இல் மூடினார்கள். அந்த ஊரிலேயே வெனியெர் குடும்பத்தின் காஸினோ இன்னும் இருக்கிறது. மாடிக்கூடத்தின் தரையில் ஒரு பளிங்குக்கல்லைத் தூக்கினால், கீழே வாசலில் நிற்பவர் யார் என்று பார்க்கலாம். கதவு திறப்பதா வேண்டாமா என்பது பிறகு.

மவுண்ட்ரோடு வாசி:
இருவருக்கும் நன்றி. பேத்தியிடம் 'தோட்ட வீடு' என்று சொல்லிவிட்டேன். 'சின்ன வீடு' என்றிருந்தால் நேரே பாட்டியிடம் போய் ஒப்பித்திருப்பாள்.